ஈரம் படும் இடத்துக் கியர்: நைலானா, அசிட்டாலா?

கேள்வி: தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஓடும் 40 மி.மீ. விட்டக் கியரை இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் (உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு எனும் அச்சுக்குள் செலுத்தி) அடிக்க வேண்டும். நைலான் 66 பிளாஸ்டிக் சரியா, அசிட்டால் பிளாஸ்டிக் சரியா?

பச்சைத் தண்ணீர்தான் என்றால் அசிட்டால். இங்கே வலிமையை விட அளவுதான் பிரச்சினை. நைலான் தண்ணீர் குடிக்கும். சாதாரணக் காற்றீரத்திலேயே எடையில் 2.5 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளும். தண்ணீரில் ஊறிக் கிடந்தால் 8 சதவீதத்தைத் தாண்டும். 2.5 சதவீத ஈரத்துக்கே நீள அகலம் சுமார் 0.6 சதவீதம் கூடும். உங்கள் கியருக்கு அது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அடித்த அன்று வழுக்கிக்கொண்டு ஓடிய ஜோடி மழைக்காலத்தில் இறுகி நிற்பது இதனால்தான். அசிட்டால் அதே காற்றில் 0.2 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் ஏற்கும்.

தண்ணீரில் பிளீச்சிங் பவுடரோ ஆசிட்டோ கலந்தால் அசிட்டாலும் வேண்டாம். மேல்தோல் சுண்ணாம்பாக வெளுத்து வெடிக்கும். வெந்நீர் என்றால் அசிட்டாலின் இரண்டு ரகங்களில் கோபாலிமர் ரகம் கேளுங்கள். கடையில் எல்லாவற்றையும் டெல்ரின் என்பார்கள்; அது இன்னொரு ரகமான ஹோமோபாலிமரின் பிராண்டு பெயர், வெந்நீரில் அவ்வளவு தாங்காது.

மோல்டு வெட்டுவதற்கு முன்பே பொருளை முடிவு செய்துவிடுங்கள். அசிட்டால் சுமார் 2 சதவீதம் சுருங்கும், ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அரை சதவீதம்தான். ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய மோல்டில் அசிட்டாலை ஏற்றினால் கியர் 0.6 மி.மீ. சிறுத்து வரும். பிரஷரை எவ்வளவு ஏற்றினாலும் அது சரியாகாது.

மோல்டு 90 டிகிரி செல்சியஸ் அருகில் இருக்கட்டும். சைக்கிள் நேரம் மிச்சம் என்று குளிர்ந்த மோல்டில் அடித்தால் பீஸ் பெட்டிக்குள் போன பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும். அளவை மறுநாள் எடுங்கள். ஓரத்தில் ஒரே கேட் (பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) வைத்தால் வட்டம் முட்டையாகும். நடுக்குடத்தைச் சுற்றிச் சம தூரத்தில் ஊசித்துளை போன்ற மூன்று 'பின்' கேட் வையுங்கள்.

இரண்டு கியரும் அசிட்டால் என்றால் கீச்சிடும், தேயும். ஜோடியில் சின்ன கியரான பினியனை நைலானில் போடலாம். விட்டம் குறைவு, ஊதுவதும் குறைவு. அதற்கு மட்டும் பல்லிடுக்கில் இடம் விடுங்கள்.

பிவிசி ஓட்டிய பேரலில் (மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கும் குழாயில்) அசிட்டாலை நேராக ஏற்றவே கூடாது. பிவிசியிலிருந்து வரும் அமிலம் பட்டால் அசிட்டால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவாகி பேரலின் முனையான நாஸில் வழியே சீறும். ஸ்க்ரூவைக் கழற்றித் துடைத்து, பாலிஎத்திலீன் ஓட்டித் தள்ளிய பிறகே அசிட்டால் மணிகளை (தானா) கொட்டுங்கள்.