பன்னிரண்டு சட்டைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ் ஹாக்கி பற்றிய உங்கள் கட்டுரையில் மைக் சில்லிஞ்சர் என்ற முன்கள வீரரைப் பற்றி வரும் பத்தி எனக்கு ஒப்பவில்லை. வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் வேறு எவரையும்விட அதிகமாக, பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியவர் அவர். அதை நீங்கள் ஏறக்குறைய ஒரு சாதனையாகவே எழுதுகிறீர்கள். போன இடத்திலெல்லாம் வேண்டாம் என்று கைகழுவப்பட்ட ஒருவரின் கதையாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

ஜூனியர் ஆட்டத்தில் ஒரு பருவத்துக்கு ஐம்பது கோலுக்கு மேல் அடித்தவர், பெரியவர்களின் ஆட்டத்துக்கு வந்ததும் ஏன் அப்படிச் சுருங்கிப்போனார்? உழைப்பில் குறை இல்லையென்றால் திறமையில்தானே குறை இருந்திருக்க வேண்டும்? அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில், 1989-இல் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்களே, அந்தத் தேர்வே தவறா? கடைசியாக ஒன்று. இத்தனை முன்கள வீரர்கள் வயதானதும் ஐரோப்பாவுக்குப் போய் ஆடுவது பணத்துக்காக மட்டும்தானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பன்னிரண்டு அணிகள் அவரை விட்டுவிட்டன என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதே பன்னிரண்டு அணிகள் அவரை எடுத்தும் இருக்கின்றன. உண்மையிலேயே எவருக்கும் வேண்டாதவராகிவிட்ட ஆட்டக்காரரை இரண்டாவது அணியே எடுக்காது. பன்னிரண்டாவது அணி எப்படி எடுக்கும்?

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஐம்பது கோல் அடித்த பையன் எங்கே போனான்?

முதலில் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு என்.எச்.எல். அணியின் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர். ஆட்டத்தன்று களமிறங்கும் இருபது பேரில் வழக்கமாகப் பன்னிரண்டு பேர் முன்கள வீரர்கள். நடுவில் ஒரு சென்டர், ஓரங்களில் இரண்டு விங்கர் என்று மூன்று மூன்று பேராக மாறி மாறி ஆடும் நான்கு லைன்கள். இப்போது 32 அணிகள் இருக்கின்றன. மொத்தம் 384 இடங்கள். கோல் அடிப்பதற்கென்றே களத்தில் விடப்படுபவர்கள் முதல் இரண்டு லைன்காரர்கள். தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறையும் பவர் பிளேயில் நிற்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆக 192 இடங்கள். அந்த 192 பேரும் அடுத்த ஆண்டே எழுந்து போய்விடுவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களில் உண்டு. மறுபக்கம், டிராஃப்ட் எனப்படும் தேர்வில் ஒவ்வோர் ஆண்டும் ஏழு சுற்றுகளில் 224 இளைஞர்கள் எடுக்கப்படுகிறார்கள். தேர்வாகாமல் பின்வாசல் வழியாக வருபவர்கள் தனி.

மூன்றாவது, நான்காவது லைன்களில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அவர்களும் தங்கள் ஜூனியர் அணியின் நட்சத்திரங்கள்தாம். கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளிலோ அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளிலோ ஐரோப்பியக் கழகங்களிலோ கோலுக்குப் பெயர்போனவர்கள். பதினெட்டு வயதுவரை 'நீ கோல் அடி, மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பையனிடம், இருபத்திரண்டு வயதில் ஒரு பயிற்சியாளர் வந்து, கோலை மறந்துவிடு என்கிறார். நடுவர் இரண்டு பேருக்கு நடுவில் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஆஃபை, நம் பக்கத்தில் நீ ஜெயிக்க வேண்டும். நமக்கு ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது எதிரியின் ஷாட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நாற்பத்தைந்து வினாடி முழு வேகத்தில் ஓடி எதிரியின் தடுப்பாட்டக்காரர்களை மூச்சுவாங்க வைத்துவிட்டு, களத்தைச் சுற்றியிருக்கும் பலகையைத் தாண்டி வந்து உட்கார வேண்டும். இவற்றுக்கெல்லாம் மறுநாள் செய்தியில் ஒரு வரி கிடைக்காது.

முன்கள வீரர் ஒருவரின் தொழில் வாழ்க்கை இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பது என் எண்ணம். எதற்காக எடுக்கப்பட்டாரோ அதை விட்டுக்கொடுத்துவிட்டு வேறொரு வேலையைக் கற்றுக்கொள்ள அவரால் முடிகிறதா? முடியாதவர்கள் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீக்கில் கோலாக அடித்துக்கொண்டு, மேலே இருந்து தொலைபேசி வரும் என்று காத்திருப்பார்கள். இது குணக்கேடு அல்ல. சிலரின் விளையாட்டு அறிவே கோல் பக்கம் பார்த்துத்தான் அமைந்திருக்கும்.

சில்லிஞ்சருக்கு வருகிறேன். கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தின் ரெஜைனாக்காரர். சொந்த ஊர் அணியான ரெஜைனா பாட்ஸுக்காகத்தான் நீங்கள் சொல்லும் அந்த ஐம்பது சொச்சம் கோல்களை அடித்தார். 1989-இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அவரைப் பதினோராவது இடத்தில் எடுத்தது. அவர் ஒரு சென்டர். டெட்ராய்டில் அப்போது சென்டர்களாக இருந்தவர்கள் ஸ்டீவ் ஐசர்மனும் செர்கெய் ஃபெடரோவும். இரண்டு பேருமே பின்னாளில் ஹாக்கியின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். திறமையில் குறையா என்று கேட்டீர்கள். அந்த இரண்டு பேருக்கு முன்னால் எவருக்குத்தான் குறை இருக்காது? இன்னோர் அணி அவரை எடுத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். தேர்வு நாளில் எந்தப் பெயரை எந்த அணி அழைக்கிறது என்பதில் பையனுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அங்கிருந்து அவர் ஃபேஸ்-ஆஃப் ஆளாக மாறினார். ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் நம்பி இறக்கக்கூடியவராக ஆனார். இத்தகைய ஆட்டக்காரருக்கு ஒரு விசித்திரமான சந்தை உண்டு. எல்லா அணிக்கும் அவர் தேவைப்படுவார். எந்த அணிக்கும் இன்றியமையாதவர் ஆகமாட்டார். கோப்பைக்குக் குறிவைக்கும் அணி பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மூன்றாம் லைன் சென்டரைத் தேடும். சரிந்துகொண்டிருக்கும் அணி அவரைக் கொடுத்து ஒரு வருங்காலத் தேர்வு உரிமையை வாங்கும். ஐசர்மன் போன்றவரை எளிதில் எவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். நாலாம் தர ஆட்டக்காரரைக் கேட்க ஆளே இருக்காது. நடுவில் இருப்பவர்கள்தாம் பெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2003 ஜூலையில் சில்லிஞ்சர் ஒரே நாளில் இரண்டு முறை கைமாறினார். கொலம்பஸ் அவரை டாலஸுக்குக் கொடுத்தது. அன்றே டாலஸ் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தது. டாலஸ் சட்டையை அவர் போடவே இல்லை. அதனால்தான் பன்னிரண்டு, இல்லையென்றால் பதின்மூன்றாகியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம் இருக்கிறது. 2005–06 பருவத்தில், முப்பத்துநான்கு வயதில், செயின்ட் லூயிஸ், நாஷ்வில் என்ற இரண்டு அணிகளுக்குமாகச் சேர்த்து அவர் 32 கோல் அடித்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் மிக அதிகம். முன்கள வீரர்கள் பொதுவாக இருபதுகளின் நடுவிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்குவார்கள். பத்து ஆண்டுக்கு மேல் பிறர் கோலைத் தடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பழைய ரெஜைனாக் கை மரத்துப்போகவில்லை. 2009-இல் இடுப்புக் காயத்தோடு ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,049 ஆட்டங்கள் இருந்தன. ஆயிரம் ஆட்டத்தைத் தொட்டவருக்கு அங்கே வெள்ளி மட்டை பரிசளிப்பார்கள். அதைச் சுருங்கிப்போன வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேர்விடவில்லை என்ற வருத்தம் உங்களுக்கு இருந்தால், இதையும் சொல்லிவிடுகிறேன். கொலம்பஸில் அவர் ஆடிய காலத்தில் அங்கே பிறந்த மகன் கோல் (Cole) சில்லிஞ்சரை, 2021-இல் அதே கொலம்பஸ் அணி பன்னிரண்டாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. அவரும் ஒரு முன்கள வீரர்.

ஆனால் 'கொடுத்த வேலையை ஏற்றுக்கொள்' என்பதை நான் விதியாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்ட்டின் செயின்ட் லூயி என்ற பெயர் என் வாதத்தை உடைத்துப்போடும். 1.73 மீட்டர் உயரம். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் புள்ளிகளை (அடித்த கோலுக்கும் கோலுக்குக் கொடுத்த பாஸுக்கும் கிடைப்பவை) குவித்தும் எந்த அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. கால்கரி அணி ஒப்பந்தம் கொடுத்தது. கீழ் லைன்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தது. 69 ஆட்டங்களில் 4 கோல். 2000-இல் விடுவித்துவிட்டது. அந்தக் கணக்கோடு கதை முடிந்திருந்தால் 'குட்டையானவர், மேல்மட்டத்தில் தாங்கவில்லை' என்று எல்லாரும் ஒரு வரியில் எழுதி முடித்திருப்பார்கள். டாம்பா பே அவரை எடுத்து, நாளடைவில் முதல் லைனிலும் பவர் பிளேயிலும் நிறுத்தியது. 2003–04-இல் 94 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம், மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை, அதே ஆண்டில் லீக்கின் வெற்றி அணிக்கான ஸ்டான்லி கோப்பை. சுருக்கப்பட்ட 2013 பருவத்தில், முப்பத்தேழு வயதில், மறுபடியும் புள்ளிகளில் முதலிடம். கீழ் லைன் வேலையோடு அவர் சமாதானமாகிப் போயிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. ஆகவே கேள்வி இரண்டு பக்கமும் கூர்மையானது: எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது முரண்டு பிடிப்பது? இருபத்திரண்டு வயதில் அதை எவராலும் தெரிந்துகொள்ள முடியாது. முகவர் ஒன்று சொல்வார், தந்தை ஒன்று சொல்வார்.

தேர்வு தவறா என்று கேட்டீர்கள். 1999-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வு பாட்ரிக் ஸ்டெஃபான், செக் நாட்டு சென்டர், அட்லான்டா எடுத்தது. அதே தேர்வில் 210-ஆவது பெயர் ஹென்ரிக் செட்டர்பெரி, டெட்ராய்ட் எடுத்தது. ஸ்டெஃபான் 455 ஆட்டங்களில் 64 கோலோடு, இடுப்புக் காயங்களால், இருபதுகளிலேயே முடிந்துபோனார். செட்டர்பெரி 1,082 ஆட்டங்கள், 960 புள்ளிகள். 2008-இல் கோப்பையோடு இறுதிச்சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். பதினெட்டு வயது உடலைப் பார்த்து இருபத்தெட்டு வயது உடலைக் கணிக்கும் வேலை அது, தப்பும். ஸ்டெஃபானைப் பற்றி இணையத்தில் மிஞ்சியிருப்பது, 2007 ஜனவரியில் எட்மன்டனுக்கு எதிராகக் காலியான கோலுக்கு முன்னால் தடுமாறி விழுந்த அந்தக் காட்சி மட்டும்தான். அந்த ஆட்டத்தை அவருடைய டாலஸ் அணி ஷூட்-அவுட்டில் ஜெயித்துவிட்டது என்பதை யாரும் சொல்வதே இல்லை. எனக்கு இது தீராத ஆத்திரம்.

எண்களைவிடக் கொடுமை நடைமுறை. தேர்வானவுடன் மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனை ஒன்பது ஆட்டம்வரை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த ஆண்டு ஒப்பந்தக் கணக்கில் சேராது. அதனால் அந்த ஒன்பதாவது ஆட்டத்தன்று வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள் ஆண்டுதோறும் உண்டு. பிறகு, மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஆடினால் ஒரு சம்பளம் என்று எழுதிய இருவழி ஒப்பந்தம். கொஞ்சம் மூத்தவரானால் கீழே அனுப்புவதற்கு முன் 'வேவர்ஸ்' பட்டியலில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மற்ற எந்த அணியும், பதிலுக்கு ஆள் எதுவும் கொடுக்காமல், அவரை எடுத்துக்கொள்ளலாம். எவரும் எடுக்காவிட்டால் கீழே போக வேண்டியதுதான். ஒரு மனிதருக்கு அத்தனை முதலாளிகளும் ஒரே நாளில் வேண்டாம் என்று சொல்வதை வேறு எந்தத் தொழிலில் செய்தியாக வெளியிடுகிறார்கள்? இருபத்தேழு வயதிலோ ஏழு பருவம் முடிந்தோதான் விரும்பிய அணிக்குப் போகும் முழுச் சுதந்திரம். உச்சம் கழியும் நேரத்தில் கதவு திறக்கிறது.

ஐரோப்பா. பணமும்தான். ஆனால் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் லீக்குகளில் ஐம்பத்து சொச்சம் ஆட்டங்கள், என்.எச்.எல்-இல் 2025–26 வரை 82. பயணம் பெரும்பாலும் பஸ்ஸில் முடிந்துவிடும், இரவு வீடு திரும்பலாம். களம் வழக்கமாக அகலமானது. வேகம் குறைந்த காலுக்கு யோசிக்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாண்டு நான்காவது லைனில் ஷாட்டுகளைக் காலில் வாங்கியவரை அங்கே முதல் லைனில் நிறுத்தி, பவர் பிளேயில் விட்டு, மறுபடியும் கோல் அடிக்கச் சொல்கிறார்கள். முப்பத்துமூன்று வயதில் அதற்காக ஒருவர் கடல் தாண்டினால் நான் பணக்கணக்கு பார்க்கமாட்டேன்.

முன்னாள் என்.எச்.எல். நட்சத்திரமான யாரோமீர் யாகர் ஐம்பது வயதைத் தாண்டியும் செக் நாட்டின் க்ளாட்னோ அணிக்கு ஆடினாரே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கேட்க வேண்டாம். அந்த அணியே அப்போது அவருடையதுதான்.