எல்லா மலைக்கும் சேர்த்து ஒரே பர்மிஷனா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் நண்பர்கள் பன்னிரண்டு பேர் மலையேற்றக் குழு தொடங்கியிருக்கிறோம். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேலுள்ள 282 மலைகளையும் ஏறி முடிக்கிறார்களாமே, அதுபோல தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் உயரமான உச்சிகள் எல்லாவற்றையும் ஏற ஆசை. ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் மொத்தமாக வனத்துறை பர்மிஷன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடப்பவர்களுக்கு மலையில் கால்வைக்கும் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தருகிறது. இங்கே காப்புக்காட்டில், அதாவது அரசு சட்டப்படி ஒதுக்கிக் காக்கும் காட்டில், அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அதோடு உங்கள் இரண்டு மாவட்டங்களின் காடு ஓசூர், தருமபுரி, அரூர் என்று மூன்று வனக் கோட்டங்களாகக் கிடக்கிறது. ஒரு கோட்ட அதிகாரியின் கையெழுத்து அடுத்தவர் காட்டில் செல்லாது. மேலகிரி மலைப் பக்கம் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று சரணாலயமாகிவிட்டது. அதற்குச் சட்டம் இன்னும் கடுமை. அப்புறம் அந்த ஆள் எதை மொத்தமாக வாங்கித் தருவார்?

நான் ரேஞ்சராக இருந்தபோது, ஒரு டிசம்பர் காலையில் தேன்கனிக்கோட்டைக் காட்டுக்குள் ஒன்பது கல்லூரிப் பிள்ளைகளைப் பிடித்தோம். ஒருவன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கடிதத்தை எடுத்து நீட்டினான். பச்சை மையில் கையெழுத்து, ரப்பர் முத்திரை, எல்லாம் இருந்தது. தேதி இல்லை, கடித எண் இல்லை. பணம் வாங்கியவனின் போன் அணைந்திருந்தது. ராகி அறுப்புக்குக் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கியிருந்த நேரம். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறைக்கு இருபதடி தள்ளிக் கிடந்த சாணத்தில் ஆவி அடங்கவில்லை. வழக்கும் அபராதமும் போகட்டும், அந்த இருபதடியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை சில்லிடுகிறது.

எல்லாரும் கேட்கும் ஒரு விலக்கைச் சொல்லிவிடுகிறேன்: ரோடு. அஞ்செட்டி ரோடு காட்டுக்குள்தானே போகிறது, பஸ் ஓடுகிறதே என்பார்கள். சரி, ரோட்டில் போகலாம். வண்டியை ஓரங்கட்டி, அதோ தெரிகிற கரட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினால் அந்த நிமிடமே அத்துமீறல். வத்தல்மலையும் அப்படித்தான். ரோடும் ஊரும் காப்பித் தோட்டமும் இருக்கின்றன, தாராளமாகப் போய் வாருங்கள். ஊரைத் தாண்டிக் காப்புக்காட்டு எல்லைக்கல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட வருவதால் அது அனுமதி ஆகிவிடாது. ரோடு ரோடுதான், காடு காடுதான்.

கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் தொல்லியல் துறை வசம். குழுவை அங்கிருந்து தொடங்குங்கள், வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். அடுத்து, 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் குத்திராயன் உச்சியும் அய்யூர் சாமி ஏரியும் இருக்கின்றன. நீங்களே பதிவு செய்யலாம், வழிகாட்டியும் உடன் வருவார்.

இத்தனை மலைக்கு நடுவே நம் பக்கத்துக்கு அந்தப் பட்டியலில் இரண்டே பாதைதானா என்றால், எனக்கும் அதே ஆத்திரம்தான். மற்ற உச்சிகளுக்கு மனுப் போட்டால் மாதக்கணக்கில் பதில் வராது. 'இல்லை' என்றாவது ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன? பதில் வராததால்தான் பிள்ளைகள் புரோக்கரிடம் போகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு விதிகள் மட்டும் உடனே வந்தன.

ஆகவே மற்ற உச்சிகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த மலை, எந்த வழி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று அந்தந்தக் கோட்ட மாவட்ட வன அலுவலருக்கு எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம், அந்தத் தேதிகளைக் கேட்கவே வேண்டாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்.