கூரைமேல் எறிந்த பல்

அன்புள்ள ஐயா,

நகரிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் குழாயடியில் வழுக்கி விழுந்து, மேல் முன்பல் பாதி உடைந்துவிட்டது. அவன் அம்மா, "பால்பல்தானே டீச்சர், மறுபடியும் முளைச்சிடும்" என்று சொல்லிக் கூட்டிப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இது எங்கோ ஒரு பிள்ளைக்கு நடப்பதா, அடிக்கடி நடப்பதா? நான் என்ன செய்திருக்க வேண்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த அம்மாவிடம் நாளைக்கே பேசிவிடுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மேல் வரிசை நடுப்பற்கள் பால்பல்லாக இருக்காது. ஏழெட்டு வயதிலேயே அங்கே நிலைப்பல் வந்துவிடும். அது உடைந்தால் மறுபடி முளைக்காது. வலி இல்லை என்று விட்டுவிட்டால், உள்ளே உயிர் மெல்லப் போய், சில மாதத்திலோ சில வருடத்திலோ பல் சாம்பல் நிறமாகலாம், ஈறில் சீழ் கட்டலாம். இந்த வயதில் வேரின் நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பல் உயிரோடு இருந்தால்தான் அந்த வளர்ச்சி முடியும்.

அடிக்கடி நடப்பதுதான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கணக்கின்படி, 12 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நிலைப்பல்லில் அடிபட்டிருக்கிறது. நாற்பது பேர் வகுப்பென்றால் ஏழு பேர். பையன்கள்தான் அதிகம். பல் முன்தள்ளி, உதடு மூடாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உங்கள் வகுப்பில் போட்டோ எடுக்கும்போது வாயைத் திறக்காத பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நம் பக்கத்தில் கை முறிந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நேராக எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப் போவார்கள். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பல் போனால் எங்கே ஓடுவது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

என் தம்பி ஆறாம் வகுப்பில் கோகோ ஆடும்போது விழுந்து, முன்பல் முழுசாக வந்துவிட்டது. டவுசர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆயா அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொன்னார். நான்தான் எறிந்தேன். எறியும் முன் கையில் வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: நீளமாக, மஞ்சளாக, வேரோடு இருந்தது. தானாக விழும் பால்பல்லில் வேர் கரைந்துபோயிருக்கும், மேல்பகுதி மட்டும்தான் கையில் வரும். அந்த வேரைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு அந்த இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

அது திரும்ப வைக்கக்கூடிய பல், டீச்சர். வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் பொருத்தி, ஒரு துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். காகிதத்தில் மடித்தால் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் அரை மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். மருத்துவர் அதைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டிவைப்பார். விழுந்தது பால்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கக்கூடாது, கீழே வளரும் நிலைப்பல் கெட்டுவிடும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் பையனுக்குப் பாதிதான் உடைந்திருக்கிறது. அந்தத் துண்டு குழாயடியில் கிடக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு வாரம் காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள். ஊறவைத்து அதையே ஒட்ட வாய்ப்பிருக்கிறது. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.