புறஜாதியாரின் அப்போஸ்தலரான பவுல் ஏன் ஊருக்கு ஊர் முதலில் ஜெபஆலயத்துக்கே போனார்?

சின்ன வயதில் எங்கள் வீட்டு வேதாகமத்தின் கடைசிப் பக்க வரைபடத்தில் பவுலின் பயணக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போவேன். சீப்புரு தீவு, பெர்கே, பிசீதியா நாட்டு அந்தியோகியா, இக்கோனியா. எந்த ஊரானாலும் முதலில் யூதர்கள் கூடி வழிபடும் ஜெபஆலயம், கொஞ்ச நாளில் கலகம், அப்புறம் அடுத்த ஊர். புறஜாதியாரிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம், அனுப்பப்பட்டவர் நேரே சந்தைவெளிக்குப் போயிருக்கலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன்.

அங்கே பேச இடம் கிடைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அந்தியோகியாவில் ஓய்வுநாள் வாசிப்பு முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பார்த்து, ஜனங்களுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்கள் ஆலயத் தலைவர்கள். பவுல் எழுந்து, கையமர்த்தி, "இஸ்ரவேலரே, தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்களே" என்று ஆரம்பிக்கிறார் (அப்போஸ்தலர் 13:16).

அந்த இரண்டாவது விளிப்பைக் கவனியுங்கள். அது யூதரல்லாதவர்களுக்கானது. விருத்தசேதனம் (யூத ஆண்களுக்குரிய நுனித்தோல் நீக்கும் சடங்கு) செய்துகொள்ளாமலே ஜெபஆலயத்துக்கு வந்து, கிரேக்க மொழியில் வேதத்தைக் கேட்டுப் பழகியவர்கள் இருந்தார்கள். இன்றைய துருக்கியில் அப்ரோதிசியா என்ற பழைய நகரத்தில், பவுலுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய கல்வெட்டு ஒன்று 1976-இல் கிடைத்தது. யூதர்களின் பெயர்களோடு 'தேவபக்தியுள்ளவர்கள்' என்று தனியாக ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. நகர மன்ற உறுப்பினர்கள்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆக, புறஜாதியாரைத் தேடுகிறவருக்கும் ஜெபஆலயம்தான் நல்ல வாசல்.

அந்த வாசல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு லீஸ்திரா என்ற ஊரைப் பாருங்கள். ஊரார் பவுலோடு வந்த பர்னபாவைத் தங்கள் தெய்வமான யூப்பித்தர் என்றும் பவுலை இன்னொரு தெய்வமான மெர்க்கூரி என்றும் நினைத்து, எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்து பலியிடவே தயாராகிவிட்டார்கள். ஆபிரகாம், தாவீது என்று பேசினால் அங்கே யாருக்குப் புரியும்? மழை, விளைச்சல், வயிறு நிறையச் சாப்பாடு என்று பேசித்தான் ஒருவழியாகத் தடுக்கிறார்.

ஆனால் வசதிக்காக மட்டும் போனார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2 கொரிந்தியர் 11:24-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். யூதர்களால் ஒன்று குறைய நாற்பது அடியாக ஐந்து தரம் அடிபட்டேன் என்கிறார். உபாகமம் 25-இல் நாற்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது என்று இருக்கிறது. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று ஒன்றைக் குறைத்து 39 அடிப்பது வழக்கம். ஐந்து தரம் என்றால் 195 அடி. இது ரோம அதிகாரி கொடுத்த தண்டனை அல்ல, யூத சமூகம் தன் ஆளுக்குத் தன் சட்டப்படி கொடுத்தது. இனி எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பவுல் விலகியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. முதல் தரம் அடிபட்ட பிறகும் போனார், நான்காம் தரத்துக்குப் பிறகும் போனார். முதுகில் அடி வாங்கியாவது தன் ஜனத்துக்குள்ளேயே இருக்க விரும்பினார் என்றுதான் நான் படிக்கிறேன். என் இனத்தாருக்காக நானே சபிக்கப்பட்டவனாகவும் விரும்புவேன் என்று ரோமர் 9-இல் எழுதியவரும் இவர்தான்.

அதனால்தான், "யூதர்கள் தள்ளிவிட்டார்கள், பவுல் நம்மிடம் வந்துவிட்டார்" என்று பிரசங்கங்களில் சுலபமாகச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. இயேசுவின் சீடரான பேதுரு விருத்தசேதனமுள்ளவர்களிடம், அதாவது யூதர்களிடம், பவுல் மற்றவர்களிடம் என்று கலாத்தியர் 2-இல் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள், சரி. ஆனால் செசரியாவில் ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவர் பேதுருதானே? அந்தப் பிரிவு இருவரையும் கட்டிப்போடவில்லை.

கொரிந்துவில் நடந்ததையும் பாருங்கள். எதிர்ப்பு முற்றியதும் பவுல் தன் வஸ்திரங்களை உதறி, இனி புறஜாதியாரிடம் போகிறேன் என்று வெளியேறுகிறார். போனது யுஸ்து என்பவரின் வீட்டுக்கு. அது ஜெபஆலயத்துக்கு அடுத்த வீடு! ஜெபஆலயத் தலைவர் கிறிஸ்பு குடும்பத்தோடு விசுவாசியானதும் அப்போதுதான். பிறகு எபேசு. அங்கேயும் முதலில் ஜெபஆலயம்தான். திரும்பி வந்தபோது அதே இடத்தில் மூன்று மாதம் பேசினார்.