மறுபடியும் அதே கேள்வி

? அமெரிக்க நிருபர் ஹெலன் தாமஸை அடிக்கடி புகழ்கிறீர்களே, கேள்வி கேட்பதுதானே நிருபர் வேலை, அவரிடம் அப்படி என்ன தனி?
– வாசகர், குளச்சல்

கென்னடி காலத்திலிருந்து ஒபாமா காலம் வரை 10 அதிபர்களைப் பார்த்தவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பெரிதாகப்படுவது 2006 மார்ச் மாதம் நடந்தது. பத்திரிகையாளர் சந்திப்புகளில் ஏறக்குறைய மூன்று வருஷமாக அவரைக் கேள்வி கேட்கவே அழைக்காத புஷ் அன்றைக்கு அழைத்தார். 85 வயது அம்மா எழுந்து, ஈராக் போருக்கு நீங்கள் சொன்ன ஒவ்வொரு காரணமும் உண்மையில்லை என்றாகிவிட்டது, அப்படியானால் நிஜமாகவே எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார். எந்த அதிபரும் போரை விரும்புவதில்லை என்று புஷ் ஆரம்பித்ததும், இவர் விடவில்லை, குறுக்கே புகுந்தார். ஒதுக்கப்பட்ட ஆள் வாய்ப்பு கிடைத்ததும் சுமுகமாகப் போய்விடலாம் என்று நினைக்காமல், ஈராக் போர் பற்றிய சங்கடமான கேள்வியையே மறுபடி கேட்டாரே, அதுதான் தனி. 2010இல் இஸ்ரேலைப் பற்றிக் கேட்டதற்கு, யூதர்கள் பாலஸ்தீனத்தை விட்டுப் போக வேண்டும் என்று பேசி, பதவி விலக நேர்ந்தது. அந்தப் பேச்சு தவறு. அதையும் சேர்த்தே அவரைப் பார்க்கிறேன்.

? நம்மூருக்கு அமைச்சர் வந்தால் மைக்கை நீட்டுகிறார்கள், சொன்னதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?
– வாசகி, மார்த்தாண்டம்

ஒக்கியை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் புயல் அடித்தது. கடலில் காணாமல் போன மீனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசு ஒரு கணக்கு சொன்னது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் தேவாலயப் பங்குகளில் பெயர் பெயராக எழுதிய பட்டியல் வேறு கணக்கு சொன்னது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் 12ஆம் தேதி முதலமைச்சர் வந்தார், 19ஆம் தேதி பிரதமர் வந்தார். கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பெயர்கள் அந்தத் தாள்களிலேயே கிடந்திருக்கும்.

மைக் நீட்டும் தம்பிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, சம்பளம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. ஆனால் ஒருவர் கேட்டதற்கு பதில் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தன் கேள்வியை விட்டுவிட்டு அதையே திரும்பக் கேட்கலாமே. நான்கு பேர் கேட்டால் நழுவுவது கஷ்டம்.

? நிருபராக இல்லாத நாங்கள் எப்படிக் கேட்பது?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

உங்கள் ஊர்த் துறைமுக முகத்துவாரத்தில் சேரும் மணலைத்தானே சொல்கிறீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு மணல் எடுத்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்தால் நகலை எனக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.