ரெண்டு பேப்பர் பாஸ் பண்ணியும் இன்டர்ன்ஷிப் கிடைக்கலயா?

வணக்கம் அக்கா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். உங்க பையன் சிங்கப்பூர் என்டியு யுனிவர்சிட்டில ஆக்சுவேரியல் சயின்ஸ் (இன்சூரன்ஸ் மாதிரி விஷயத்துல வர்ற ரிஸ்க்க கணக்குப் போடுற படிப்பு) ரெண்டாவது வருஷம், அமெரிக்க ஆக்சுவரி சங்கம் எஸ்ஓஏ நடத்துற பி (நிகழ்தகவு), எஃப்எம் (நிதிக் கணக்கு) ரெண்டு பேப்பரும் முதல் தடவையிலயே பாஸ், அப்படியும் மூணு இன்டர்வியூல திருப்பி அனுப்பிட்டாங்கன்னா பெத்த வயிறு கலங்கத்தான் செய்யும். தம்பிக்கு கணக்கு வராம இல்ல. போட்ட கணக்க அடுத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லி பழகல, அவ்ளோதான்.

பி, எஃப்எம் ரெண்டுமே விடைய தேர்ந்தெடுக்குற பரிட்சை, ஒரு வரி எழுத வேண்டியதில்ல, அதனால இந்தக் குறை வெளியவே தெரியாது. ஆனா மேல போகப் போக பரிட்சை நடத்துறவங்களே இதத்தான் கேக்குறாங்க. எஸ்ஓஏவோட பிரெடிக்டிவ் அனலிட்டிக்ஸ் (டேட்டாவ வச்சு கணிக்கிறது) பேப்பர்ல டேட்டாவ பாத்து விளக்கம் எழுதணும். பிரிட்டனோட ஆக்சுவரி சங்கம் ஐஎஃப்ஓஏ 2019ல கொண்டு வந்த பாடத்திட்டத்துல சிபி3ங்கற பேப்பரே விஷயம் தெரியாதவங்களுக்கு புரிய வைக்கத்தான், சிபி2ல எக்ஸல் மாடல் செஞ்சு அத இன்னொருத்தர் பாத்து தொடர்ற மாதிரி ஆடிட் ட்ரெயில் (என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம்ங்கற குறிப்பு) எழுதணும்.

போன மாசம் ஒரு பொண்ணு லேப்டாப்ப என் மேசையில திறந்து வச்சுச்சு, அருமையான கணக்கு, ஆனா வட்டி விகிதம் 0.035னு எக்ஸல்ல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கையால அடிச்சிருக்கு. "இது 3% ஆனா என்னம்மா பண்ணுவ?"ன்னு கேட்டேன், ஒவ்வொரு செல்லா தேட ஆரம்பிச்சிருச்சு. "சரி, 3.5 எங்கேர்ந்து எடுத்த?"ன்னேன், பதில் இல்ல. வேலையில மேலதிகாரி கேக்குற முதல் ரெண்டு கேள்வியே இதுதான்க்கா. வட்டி, இறப்பு விகிதம், செலவு எல்லாத்தையும் தனி ஷீட்ல போட்டு, பக்கத்துலயே எங்கேர்ந்து வந்துச்சு, ஏன் இத எடுத்தேன்னு ஒரு வரி எழுத இப்பவே பழகட்டும்.

குரூப் ப்ராஜெக்ட்ல கணக்கு முழுக்க தம்பி போட்டு பேசுறத வேற ஆள்கிட்ட விடுறாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அங்கதான் கோட்டை விடுறாரு. அடுத்த ப்ராஜெக்ட்ல பிரசன்டேஷன் தம்பிதான் பண்ணணும், திக்கினாலும் பரவால்ல, கிளாஸ்ல திக்கினா மார்க்தான் கொஞ்சம் போகும். தப்பு கண்டுபிடிச்சா மறைக்காம "இங்க தப்பு, விடை இவ்ளோ மாறும்"னு குரூப்ல முதல்ல சொல்ற ஆளா இருக்கவும் பழகணும், நாளைக்கு இவர் போடுற கணக்குலதான் ஒருத்தரோட பிரீமியமும் க்ளெயிமும் நிக்கும்.

சிஜிபிஏ பத்தி கவலப்படாதீங்க, அது நல்லாதான் இருக்கு. மூணாவது பேப்பருக்கு இந்த செமஸ்டர் அவசரப்பட வேணாம், அந்த நேரத்த இதுக்கு குடுங்க.

வீட்ல பாட்டி இருக்காங்கன்னு சொன்னீங்க. 2015ல வந்த மெடிஷீல்டு லைஃப்ல (சிங்கப்பூர் அரசாங்கத்தோட மருத்துவ இன்சூரன்ஸ்) வயசு ஏற ஏற பிரீமியம் ஏன் கூடுதுன்னு தம்பி பாட்டிக்கு தமிழ்ல பத்து நிமிஷம் சொல்லட்டும், ஃபார்முலா கூடாது. முடிஞ்சதும் பாட்டி திருப்பி உங்களுக்கு சொல்லணும். எங்க பாட்டி தடுமாறுறாங்களோ அத தம்பி குறிச்சு வச்சுக்கிட்டு, அதே விஷயத்த இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதி ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு அனுப்பச் சொல்லுங்க, படிச்சிட்டு நானே தம்பிகிட்ட பேசுறேன்.