நாலாயிரத்துக்கு மவுண்டன் பைக்: கேள்வி-பதில்

போன வாரம் செகண்ட்ஹேண்ட் கியர் சைக்கிளைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் சில, சுருக்கமாக.

தெரிந்தவர் எட்டு வருடப் பழைய மவுண்டன் பைக்கை 4,000 ரூபாய்க்குத் தருகிறார். புதிதில் 14,000 ஆனதாம். வாங்கலாமா? (ஓசூர் வாசகர்)

அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவர் வீட்டுக் கணக்கு. நீங்கள் போடவேண்டிய கணக்கு, கேட்கிற விலையும் ஓடவைக்கும் செலவும். எட்டு வருடத்தில் பாதி நாள் மாடிப்படிக்குக் கீழே நின்ற வண்டி என்றால் டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், செயின் எல்லாம் கைநீட்டும். கூலியோடு இரண்டாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். ஆக, நீங்கள் பேரம் பேசுவது ஆறாயிரம் ரூபாய் வண்டிக்கு.

போகும்போது 12 அங்குல ஸ்கேல் ஒன்று எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரவேண்டும். அரைக்கால் (1/8) அங்குலத்தில் பாதி தள்ளி நின்றால் செயினை மாற்றணும். முழு அரைக்கால் தள்ளி நின்றால் பின்சக்கரத்தின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் அழுத்தி மிதிக்கும்போது தாவும். அப்புறம் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் அங்கே பேரிங் வேலை இருக்கிறது. சீட் கம்பி ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். துருப்பிடித்து இறுகிப்போன கம்பியைக் கழற்றுவதற்குள் மெக்கானிக்குக்கும் உங்களுக்கும் சண்டை வந்துவிடும்.

இதெல்லாம் தேறினால் 3,000 சொல்லிப் பாருங்கள்.

21 கியர், டிஸ்க் பிரேக், 5,500 ரூபாய். போட்டோ நன்றாக இருந்தது, 1,000 அட்வான்ஸ் போட்டுவிட்டேன். சரிதானே? (மதுரை)

போட்ட பிறகு ஏன் கேட்கிறீர்கள்?

கல்லூரி போகும் மகன் பழைய சைக்கிளே போதும் என்கிறான், ஆனால் முன்னும் பின்னும் ஷாக்அப்சார்பர் வேண்டுமாம். எது நல்லது? (திருப்பூர் வாசகி)

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் பல வருடமாகக் காத்திருந்தேன்.

மவுண்டன் பைக் பிறந்த கதையே பழைய சைக்கிள் கதைதான். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930, 40-களில் வந்த தடித்த டயர் ஷ்வின் கம்பெனி வண்டிகளை மலிவாக வாங்கி மலைச்சரிவில் விட்டார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டும். அதனாலேயே அந்தச் சரிவுக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அந்த வண்டிகளில் ஷாக்அப்சார்பர் கிடையாது. நம்மூர்த் தார்ச்சாலையில் கல்லூரிக்குப் போக இரண்டு எதற்கு?

விலை உயர்ந்த வண்டியில் பின் ஷாக் அருமையான சமாசாரம். மலிவு வண்டியில் அது வெறும் ஸ்பிரிங். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அது தின்றுவிடும். எடை கூடும். மூட்டுகளில் புஷ் தேய்ந்தால் பின்சக்கரம் நாய் வால் மாதிரி ஆடும்.

நான் அனுபவித்துச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ‘டபுள் ஷாக்’ என்ற சொல்லில் மயங்கி 4,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். முன்கழுத்துக்குக் கீழே, சாய்ந்து வரும் பைப்பில், தீச்சுவாலை போட்ட பெரிய ஸ்டிக்கர். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாவது மழையில் ஸ்டிக்கர் ஓரம் பெயர்ந்தது. உள்ளே தலைமுடி அளவு விரிசல், மேலே பெயின்ட் பூசியிருந்தது. அலுமினிய ஃபிரேம், தெருவோர வெல்டிங்கை அதில் நம்பக்கூடாது. கடைசியில் எடைக்குத்தான் போட்டேன். பழைய சைக்கிளில் ஸ்டிக்கரைப் பார்த்தால் இன்றும் என் விரல் தானாக அதைச் சுரண்டிப் பார்க்கும்.

கியர் எண்ணிக்கையும் இப்படித்தான். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அதில் பல கிட்டத்தட்ட ஒரே கியர்தான். செயினைக் குறுக்கே இழுக்கும் சிலதைத் தொடவே கூடாது. மகனுக்கு ஷாக் இல்லாத, நேர் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வண்டி பாருங்கள். காந்தம் ஒட்டினால் ஸ்டீல். கொஞ்சம் கனம்தான், ஆனால் பழையதில் நான் ஸ்டீலைத்தான் எடுப்பேன்.

விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றல் ஆகிவிட்டதாகவும் சொன்னார். அடையாள அட்டை அனுப்பினார். அனுப்புகிற செலவு, இன்ஷூரன்ஸ், ‘திரும்ப வரும் டெபாசிட்’ என்று மூன்று தடவையில் 7,800 போனது. நான் முட்டாளா? (திருநெல்வேலி)

இல்லை. இது ஊர் ஊராகப் பலரை விழவைத்த நாடகம். ராணுவ உடைக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையைத்தான் அவன் திருடினான். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. பணப்பரிமாற்ற எண், பேச்சு, அட்டைப் படம் எதையும் அழிக்காதீர்கள். அடுத்து “பணத்தைத் திருப்பித் தருகிறேன், கியூஆர் ஸ்கேன் பண்ணு” என்பான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் (PIN) போடவே வேண்டாம். போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

26 அங்குல டயர் வாங்கினேன், 26 அங்குல சக்கரத்தில் ஏறவில்லை. கடைக்காரர் ஏமாற்றினாரா? (கரூர்)

பாதிக் குற்றம் உங்களுடையது. 26 x 1.95 என்று புள்ளி போட்டது மவுண்டன் பைக் டயர். அதன் ரிம் 559 மி.மீ. 26 x 1 3/8 என்று பின்னம் போட்டது வேறு டயர், அதற்கு 590. எவ்வளவு தள்ளினாலும் ஒன்று மற்றதில் உட்காராது. டயர் ஓரத்திலேயே அந்த மூன்றிலக்க எண் இருக்கும். பழைய டயரைக் கையோடு கொண்டுபோனால் என்ன?

பழைய சைக்கிள் கடையில் ‘நல்ல கண்டிஷன்’ என்று எழுதி பில் கொடுத்தார்கள். பத்தாம் நாள் ஃபோர்க்கில் பழைய வெல்டிங் தெரிந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டி விரட்டுகிறார்கள். (சேலம்)

பில் கேட்டு வாங்கினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்டவேண்டும். குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பமுடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. வெல்டிங்கைப் படமெடுத்துக்கொண்டு இன்றே எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. அதுவரை அந்த வண்டியில் ஏறாதீர்கள். ஓட்டத்தில் ஃபோர்க் முறிந்தால் முகம்தான் தரையில் படும்.

பெரிய பிராண்ட் சைக்கிள், 1,500 ரூபாய்தான் கேட்கிறார்கள். பில் இல்லை. பெடல் அச்சுக்குக் கீழே ஃபிரேம் நம்பரைச் சுரண்டியிருக்கிறது. மற்றபடி புதுசு மாதிரி இருக்கிறது. (சென்னை)

திருட்டு வண்டி என்று உங்களுக்கே தெரிகிறது, என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். தெரிந்தே வாங்கினால் மூன்று வருடம் வரை உள்ளே போகலாம். யாரோ ஒரு பையன் அதைத் தேடிக்கொண்டிருப்பான்.